அம்பியின் வயது

செங்கல்பட்டு வாசகசாலைக்குப் பேப்பர் எட்டு மணிக்கு வரும். எட்டரைக்குச் சௌந்தரவல்லி போய் விரித்தால், 'தேவை' விளம்பரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாக ஓர் ஓட்டை. அதன் வழியே மேஜை தெரியும். ஒரு மாதமாக இதே கூத்து. கடையில் வாங்கலாமென்றால் அதற்குள் தீர்ந்துபோயிருக்கும். டைப்ரைட்டிங் பாஸ் பண்ணி என்ன பிரயோசனம்? சர்க்கார் வேலைக்கு இருபத்தைந்து வயது முடிந்திருக்கக் கூடாது. அவளுக்கு அது முடிய இன்னும் ஆறே நாள்.

"டைப்பிஸ்டு வேலை ஒண்ணு போட்டுக்கீதும்மா, கண்ணால பாத்தேன்," என்றார் வாசகசாலையைக் கவனித்துக்கொள்ளும் ஷஃபியுல்லா. "பாஷ்யம் சாருதான் வெட்டிகினு போயிட்டாரு. புள்ளைக்கு வேலை தேடறாராம். அவரை இன்னான்னு தடுக்கிறது? அந்தப் புள்ள மாவலிவரம் கடல்ல போயி நாலு வருஷம் ஆவுது. ஒடம்புகூட கெடைக்கல."

ஆனாலும் பாஷ்யம் வீட்டுக்குப் போனாள். வேலை வேண்டியது அவளுக்கல்லவா!

கதவு திறந்தே இருந்தது. வாசலில் பாலிஷ் போட்ட ஷூ. ஆணியில் இஸ்திரி போட்ட சட்டை. மேஜைமேல் இரண்டு டம்ளர் காபி. ஒன்று ஆறி ஆடை கட்டியிருந்தது.

"வாம்மா. அம்பிக்கு அப்ளிகேஷன் எழுதிண்டிருக்கேன்," என்றார் பாஷ்யம், நிமிராமலே. பெயர்: பா. ராஜகோபாலன். வயது: 23. பக்கத்தில் பழைய நகல்கள் கட்டாகக் கிடந்தன. எல்லாவற்றிலும் அதே 23.

"இன்டர்வியூக்குக் கூப்பிட்டா யார் மாமா போவா?"

"நான்தான். பட்டணம் போய் பெஞ்சில உக்காந்துப்பேன். பியூன் வந்து, ராஜகோபாலன்னு மூணு தரம் சத்தமா கூப்பிடுவான். கேட்டுட்டு அடுத்த ரயில்ல வந்துடுவேன். இந்த ஊர்ல அவன் பேரை யாருமே சொல்றதில்லையே."

கிழவர் விளம்பரத் துண்டை அவள் பக்கம் நகர்த்தினார். "இங்கேயே எழுதிடு. பத்தரைக்குத் தபால் எடுத்துடுவா."

அவர் பேனாவாலேயே எழுதினாள். பாதியில் அவர் கை மெல்ல வந்து காகிதத்தை இழுத்தது.

"இது அம்பி வயசும்மா. நீ எடுத்துக்கப்படாது."

பார்த்தாள். வயது: 23. அவள் கையெழுத்துதான். எப்போது எழுதினாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

பாஷ்யம் அதைக் கிழித்துவிட்டுப் புதுக் காகிதம் தந்தார். "உனக்கு வயசு ஏறிண்டே போகணும்," என்றார். அம்பிக்கு இனி வயது ஏறாது என்பது அவருக்குத் தெரிந்தேதான் இருந்தது.

இருபத்துநான்கு என்று எழுதி, தபால் பெட்டிவரை ஓடினாள். இன்னும் ஆறு நாளில் அந்த வயதையும் தாண்டிவிடுவோம் என்பது அன்றுதான் முதன்முதலாக அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.