கியரில் வைத்த சந்தனப் பொட்டு

இடது முழங்கால் ஒத்துழைக்காததால், கிளட்ச் இல்லாத பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கினேன். விற்றவர் அணுபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், சொந்த ஊர் படாளம். ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து வண்டி டாப் கியருக்கு மாறவே இல்லை. வேகம் எடுத்தாலே இன்ஜின் கதறியது. செங்கல்பட்டு மெக்கானிக், கியர்பாக்ஸையே இறக்க வேண்டும் என்றார். தெரிந்தேதான் என் தலையில் கட்டிவிட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

ஒரு ஞாயிறு அவரே வந்தார். "வண்டி பேஜாரு பண்ணுதாமே? ஒரு தபா ஓட்டிப் பாக்கலாம். சரியா வரலன்னா நானே திருப்பி எடுத்துக்கிறேம்மா."

மாமல்லபுரம் சாலையில் நான் ஓட்டினேன். பக்கத்தில் இருந்தவர் கியர் குமிழைத் தடவினார். டாப் கியர் விழாமல் தடுக்கும் பொத்தான் ஒன்று அதில் உண்டு. ஆயுத பூஜையன்று குமிழுக்குச் சந்தனப் பொட்டு வைக்கையில் என் விரல் பட்டு அது அமுங்கியிருக்கிறது. சந்தனம் இடுக்கில் காய்ந்து அப்படியே பிடித்துக்கொண்டது. அவர் நகத்தால் சுரண்டிவிட்டு மறுபடி அழுத்த, பொத்தான் மேலெழும்பியது. இன்ஜின் சத்தம் அடங்கி, வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

"பூஜ பலமாத்தான் போட்டுக்கிறீங்க" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கியர்பாக்ஸைச் சந்தேகப்பட்டேன், அந்த மனிதரைச் சந்தேகப்பட்டேன். பொட்டு வைத்த விரலை மட்டும் நான் ஒரு கணமும் சந்தேகப்படவில்லை.