ஒரே சஹனில் இரண்டு பட்டினி

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. அதற்கு அடுத்த வாரம் புதன்கிழமை எனக்கு ஆப்பரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். எடை குறைவதற்காக இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுகிற ஆப்பரேஷன்.

எங்களுக்குக் கடலூர். வீட்டுக்காரர் சவுதியில் இருக்கிறார். கல்யாணமாகி மூன்றாம் வருடத்திலிருந்து நான் குண்டு. கொள்ளுக் கஞ்சி குடித்தேன், தேனும் சுடுதண்ணீரும் குடித்தேன், யாரோ கொண்டுவந்து கொடுத்த பவுடரைக் கலக்கிக் குடித்தேன். தேவனாம்பட்டினம் பீச்சில் விடியற்காலையில் மூச்சிரைக்க நடந்தேன். எடை கொஞ்சம் போகும். பிறகு தன் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு திரும்பி வரும். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டைப் பார்த்துவிட்டு ஆட்கள் நின்றுகொண்டே வருவதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பழகிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அவள் ஒல்லி. வந்தவர்கள் அவளைக் கொஞ்ச நேரமும் என்னை ரொம்ப நேரமும் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்துத் தரகர் போன் செய்து, "பொண்ணு நல்லாத்தான் இருக்குதாம். பின்னாடி அம்மா மாதிரி ஆயிடுமோன்னுதான் யோசிக்கிறாங்க" என்றார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். மகளிடம் காரணத்தைச் சொல்லவில்லை. மூட்டு வலிக்கு டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

உண்மையில் எனக்கு சுகர் இல்லை. பிரஷருக்கு ஒரே ஒரு மாத்திரை. ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரே, இது சிலருக்கு நல்ல பலன் தரும், ஆனால் விளையாட்டு இல்லை, வீட்டில் நன்றாக யோசித்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொன்னார். என்னென்ன ஆபத்து வரலாம் என்று பக்கம் பக்கமாக அச்சடித்துக் கொடுத்தார்கள். புடவை வாங்கினால்கூட நாலு கடை ஏறி இறங்குகிறவள் நான், அதில் ஒரு வரி படிக்காமல் எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டேன்.

என் லாத்தாவுக்கு, அதாவது மூத்த அக்காவுக்கு, என் முகத்தில் இருந்த பயம் தெரிந்துவிட்டது. சிதம்பரத்துக் கல்யாணத்துக்கு என்னை வற்புறுத்திக் கூட்டிப்போனதே அதற்காகத்தான். இதே ஆப்பரேஷன் செய்துகொண்ட ஒரு பெண் அங்கே வருகிறாள், நேரில் பார்த்தால் உனக்கு தைரியம் வந்துவிடும் என்றாள்.

வந்தாள். என் வயதுதான் இருக்கும். மெலிந்து, புது ரவிக்கையில், பார்க்க அழகாக இருந்தாள். பெண்கள் பக்கம் முழுவதும் அவளைச் சுற்றித்தான் கூட்டம். எத்தனை கிலோ குறைந்தது, எத்தனை மாதத்தில் குறைந்தது என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

எங்கள் முஸ்லிம் கல்யாணங்களில் சாப்பாட்டுக்கு சஹன் வைப்பார்கள். பெரிய தட்டு ஒன்றில் பிரியாணியைக் கொட்டி, சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது. நல்ல வழக்கம்தான். ஆனால் குண்டாக இருப்பவளுக்கு அது ஒரு பரீட்சை. என் கை எத்தனை தடவை தட்டுக்குப் போகிறது என்று மூன்று ஜோடிக் கண்கள் எண்ணுவதாகவே எனக்குத் தோன்றும். அதனால் எந்தக் கல்யாணமானாலும் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். சஹனில் உட்கார்ந்து சோற்றை இப்படியும் அப்படியும் தள்ளி, நாலு பருக்கையை வாயில் போட்டு, ரொம்ப நேரம் மெல்லுவேன். அன்றைக்கு வீட்டிலும் சாப்பிடவில்லை. ஆப்பரேஷனுக்கு முன்னால் கஞ்சியும் மோரும் சூப்பும்தான் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். பசியில் காது அடைத்தது.

லாத்தா சாமர்த்தியமாக அவளை என் பக்கத்திலேயே உட்காரவைத்தாள். நாலாவதாக யாரோ ஒரு வயதான மாமி. நான் வழக்கம்போல என் வேலையை ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் கவனித்தேன், அவளும் அதையே செய்துகொண்டிருந்தாள். சோற்றைப் பிசைவாள், சின்ன உருண்டையாக உருட்டுவாள், பேச்சு சுவாரசியத்தில் மறந்ததுபோல அதை அப்படியே வைத்துவிடுவாள். கறித் துண்டுகளை ஒவ்வொன்றாக என் பக்கம் நகர்த்திக்கொண்டே இருந்தாள். பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். இருபது வருடமாகச் சாப்பிடுவதுபோல் நடித்தவளுக்கு, இன்னொருத்தி நடிப்பது தெரியாதா?

அந்த மாமி, இவ்வளவு இளைத்தவளுக்கு ஒரு வாய் இனிப்பால் ஒன்றும் ஆகிவிடாது என்று பிரெட் அல்வாவை எடுத்து அவள் வாயருகே நீட்டினார். பெரியவர் நீட்டியதை மறுக்க முடியாமல் வாங்கிக்கொண்டாள். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். போனவள் வரவில்லை. ஏனோ மனது கேட்காமல் நானும் எழுந்து போனேன்.

கை கழுவும் இடத்துக்குப் பின்னால், பாத்திரங்கள் அடுக்கியிருந்த சந்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். வாந்தி எடுத்திருந்தாள். உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. நெற்றியைத் தாங்கிப் பிடித்தேன். முக்காடு நழுவியது. தலையில் முடி பாதிதான் இருந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரவைத்து, வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

கொஞ்சம் மூச்சு வந்ததும், "நீங்கதானே அடுத்த வாரம் போறவுங்க?" என்று கேட்டாள். தலையாட்டினேன். அதற்குப் பிறகு, அலுத்துப்போன குரலில், யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். ஆப்பரேஷன் முடிந்து நாலாம் நாள் உள்ளே தையல் போட்ட இடத்தில் கசிந்து, வயிறு முழுக்கச் சீழ் பிடித்துவிட்டதாம். மறுபடி திறந்து கழுவினார்களாம். ஒரு மாதம் ஐசியூவில் கிடந்தாளாம். அதற்கு அப்புறமும் இரண்டு தடவை ஆஸ்பத்திரி. இன்றைக்கும் மூன்று வாய் சோற்றுக்கு மேல் இறங்காதாம், இனிப்பு பட்டாலே இப்படித்தானாம்.

"டாக்டரக் குத்தம் சொல்ல மாட்டேன். எல்லாத்தையும் எழுதித்தான் குடுத்தாங்க, நாந்தான் படிக்கல. என்கூடப் பண்ணிக்கிட்ட ஒருத்தவங்க சுகர் கொறஞ்சு நல்லாத்தான் இருக்காங்க. எனக்கு ஒரு வியாதியும் இல்ல. மத்தவங்க வாய்க்குப் பயந்து பண்ணிக்கிட்டேன்" என்றாள்.

உள்ளே எல்லோரிடமும் ஏன் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள் என்று கேட்டேன். கஷ்டத்தைச் சொன்னால், முன்னாலேயே வாயைக் கட்டியிருந்தால் இந்த நிலைமை வருமா என்பார்கள், அதற்குச் சிரித்துவிடலாம் என்றாள். பிறகு, உங்களுக்கு எதற்கு என்று கேட்டாள். தரகர் சொன்னதைச் சொன்னேன். அவள் என்னைப் பாவமாகப் பார்க்கவில்லை, புத்தியும் சொல்லவில்லை. "உங்க பொண்ணு என்ன சொல்லுது?" என்று மட்டும் கேட்டாள்.

யாருக்காக என் வயிற்றை அறுத்துக்கொள்ளப் போகிறேனோ, அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மகள் அப்போது பக்கத்தில் அண்ணாமலை நகரில்தான் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை என்று கல்யாணத்துக்கு வரவில்லை. லாத்தாவிடம் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து நேராக அங்கே போனேன். வாசலுக்கு வந்தவளைக் கூட்டிக்கொண்டு போய் எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் சொன்னது, நான் எடுத்த முடிவு, மண்டபத்தில் பார்த்தது எல்லாவற்றையும் கொட்டினேன். கட்டிப்பிடித்து அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. கோபமாக இருந்தாள்.

"உன் கல்யாண போட்டோவ நான் பாத்திருக்கேம்மா. அப்ப நீ அப்படியே என்ன மாதிரிதான் இருந்த. நாளைக்குப் புள்ள பெத்து நானும் உன்ன மாதிரி ஆவேன். அப்ப என்னையும் போய் வெட்டிக்கினு வான்னு சொல்லுவியா?"

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர்கள் சரி என்று விட்டுவிட்டார்கள். லாத்தாதான் இரண்டு மாதம் பேசவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். மூட்டு வலிக்கிறது. பிரஷர் மாத்திரை ஓடுகிறது. முடிந்த நாளில் நடக்கிறேன், முடியாத நாளில் படுத்துக்கொள்கிறேன். வரன் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். வருகிறவர்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பதும் நிற்கவில்லை. ஆனால் கல்யாண வீடுகளில் இப்போது பசித்தால் சாப்பிடுகிறேன், யார் எண்ணினாலும் எண்ணட்டும். அந்தப் பெண் எப்போதாவது போன் செய்வாள். போன மாதம் மறுபடியும் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள், எப்படியோ உடம்பு இளைத்ததே என்று சந்தோஷப்பட்டுவிட்டுப் போனார்களாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யாரையும் ஆப்பரேஷன் செய்யாதே என்று சொல்ல நான் யார்? வியாதிக்காகத் தேவைப்படுகிறவர்கள் டாக்டரைக் கேட்டு, கொடுக்கிற தாளை முழுசாகப் படித்து முடிவு செய்யட்டும். என்னைப் பொறுத்தவரை, இந்த உடம்பு எனக்கு இன்றைக்கும் பிடித்துவிடவில்லை. ஆனால் நாளைக்கு என் மகளுக்கு வரப்போகிற உடம்பும் இதுதான் என்று தெரிந்த பிறகு, இதைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை.