ஓட்டைக்காரரும் கோயில் பெயரும்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். பொறியியல் முடித்து, கட்டட மேற்பார்வையாளனாக எனக்குக் கிடைத்த முதல் வேலை இந்த ஊரில் ஒரு தேவாலயம். அதன் முன்கதவுக்கு அளவு கொடுக்கத்தான் இங்கிருந்த வெல்டிங் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரருக்கு அறுபதைத் தாண்டிய வயது. கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வரைபடத்தைப் பார்த்தார்.

"கோயிலுக்கு என்ன பேரு வைக்கறாங்க?"

"இன்னும் முடிவாகலைங்க. கதவுக் கோயில்னு பேசிக்கறாங்க."

கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார். "அப்ப கதவை வேற எங்கயாவது செஞ்சுக்கோங்க தம்பி."

பொறி பறக்க ஆரம்பித்தது. நான் வெளியே வந்தேன். எதிரில் டீக்கடை வைத்திருந்த அக்கா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஓட்டைக்காரர் விரட்டிட்டாரா?"

ஊரில் அவருக்கு அதுதான் பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் திரும்பவே மாட்டாராம். காரணத்தையும் அக்காதான் சொன்னார்.

இந்த ஊர்க்காரர்கள் வேறொரு இடத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். அணை கட்டியதில் பழைய ஊர் தண்ணீருக்குள் போனது. மண் சுவரை அப்படியே விட்டுவிட்டு, ஆளுக்கொரு கதவைப் பெயர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். காசு கொடுத்துச் செய்த மரச்சாமான் என்று ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது அது ஒன்றுதான். இங்கே வந்து சேர்ந்ததும் முதலில் போட்டது ஜெபக்கொட்டகை. சுவருக்கு வேறு வழியில்லாமல் அந்தக் கதவுகளையே வரிசையாக நிறுத்தினார்கள். குடும்பத்துக்கு ஒரு கதவு, ஒரு இடம்; கதவுக் கோயில் என்ற பேச்சு வந்தது அதிலிருந்துதான். பட்டறைக்காரரின் அப்பா மட்டும் கதவில்லாமல் வந்து இறங்கினார். வழியில் விடாமல் பெய்த மழையில் அதைப் பிளந்து எரித்துவிட்டாராம். அவர்களுக்கு ஒதுக்கிய இடம் வெறும் இடைவெளியாக நின்றது. அப்போது ஐந்து வயதுப் பையனாக இருந்த இவர் 'ஓட்டை' ஆனார்; வளர்ந்ததும் மரியாதையாக 'ஓட்டைக்காரர்' ஆனார்.

வெல்டிங் கற்றுக்கொண்டு ஊரில் பாதி வீடுகளுக்கு இரும்புக் கேட் போட்டதும் அவர்தான். அவர் வீட்டுக்கு மட்டும் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு கேட். தபால்காரர் இரண்டாவது கேட் வரை வந்ததே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெயரை முடிவு செய்யச் சபை கூடியது. கட்டட விவரம் சொல்வதற்காக நானும் போயிருந்தேன். போதகர் 'கதவுக் கோயில்' என்ற பெயரைச் சொல்லி வாய் மூடவில்லை, பட்டறைக்காரர் எழுந்துவிட்டார்.

"கதவு கொண்டாந்தவங்க கோயிலா இருந்தா அது உங்களுக்குத்தான். எனக்கு அங்க இடமில்ல. அந்தப் பேரை வச்சா நான் வாசப்படி ஏற மாட்டேன்."

பின்வரிசையிலிருந்து மளிகைக்கடைக்காரர் குரல் கொடுத்தார். "ஏறாம எப்படிய்யா? வாசலே உன் ஓட்டைதானே!"

கூரை அதிரச் சிரித்தார்கள். டீக்கடை அக்கா எழுந்தார்.

"சிரிச்சு முடிச்சாச்சா? அந்தக் கொட்டகைக்குள்ள நாம எல்லாரும் எது வழியா போனோம்? கதவெல்லாம் சுவரா நின்னுச்சு. இவங்க இடம் காலியா இருந்துச்சு, அதனால உள்ள போனோம்."

"உக்காரும்மா" என்றார் பட்டறைக்காரர்.

"உக்கார மாட்டேண்ணே. எங்க வண்டியும் இவங்க வண்டியும் மட்டும் பின்தங்கி நின்னப்போ, எங்கம்மா நடு ரோட்டுல, கொட்டற மழையில என்னைப் பெத்தாங்க. குளிர்ல ரெண்டு பேரும் விறைச்சுக் கிடந்தப்போ இவங்கப்பாதான் கதவைப் பிளந்து தீ மூட்டினாரு. எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தாங்க."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?" என்று கேட்டார் மளிகைக்கடைக்காரர்.

"சொல்லியிருந்தா உங்க வாய் சும்மா இருந்திருக்குமா? கதவை முழுங்கினவள்னு எனக்கு ஒரு பேர் வச்சிருப்பீங்க. பயந்துட்டேன். அண்ணன் ஏன் வாயைத் திறக்கலைன்னு அவரைக் கேளுங்க."

பட்டறைக்காரர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "அப்பா சொல்லக் கூடாதுன்னுட்டாரு. பொறந்த புள்ள தலையில எதுக்குப் பழியைப் போடறதுன்னாரு."

பிறகு போதகர் 'திறந்த வாசல் ஆலயம்' என்றார். கை தூக்கச் சொன்னார்கள். மளிகைக்கடைக்காரர் கடைசியாகத் தூக்கினார். பட்டறைக்காரர் தூக்கவே இல்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு அவரே டேப்போடு வந்து நின்றார்.

"பேரு திறந்த வாசல்னு வச்சாச்சே, கதவு வேணுமாங்க?" என்று கேட்டேன்.

"படிச்ச புள்ளதானே நீங்க? கதவில்லாட்டி நாய் பூந்துடும், எவனாவது மைக்கைத் தூக்கிட்டுப் போயிடுவான். பேரு பேராயிருக்கட்டும், அந்த முனையைப் புடிங்க."

பிடித்தேன். இரட்டைக் கதவாகச் செய்து கொடுத்தார். ஞாயிறுதோறும் முதல் ஆளாக வந்து அதைத் திறந்து வைப்பதும் அவர்தான்.

இப்போதும் அதே பட்டறையில் கேட் செய்துகொண்டிருக்கிறார். ஊர் அவரை இன்னும் ஓட்டைக்காரர் என்றுதான் கூப்பிடுகிறது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார்.