அதிகாரியை வாய்மூடச் சொன்ன எஸ்தர் அக்கா

எஸ்தர் அக்கா காலமான செய்தி எனக்கு ஒயர்லெஸ்ஸில்தான் வந்தது. திருப்பதி வனத்துறைக் கண்ட்ரோல் ரூமில் பல காலம் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து இப்போதிருக்கும் பெண் சொன்னாள். சேஷாசல மலையில் தீக்காவலனான நான், ஒயர்லெஸ் செட்டைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா சித்தூரில் பழைய மிஷன் சபைக் குடும்பத்தில் பிறந்தவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மலையின் மேப்பைக் கேட்டதற்கு, “வர்ற மெசேஜை எழுதினா போதும், உனக்கு எதுக்கு மேப்பு?” என்றாராம் ஒருவர். அக்கா லீவு போட்டுவிட்டு மலையேறினார். எந்தப் பள்ளத்திலிருந்து பேசினால் குரல் வராது என்று நடந்தே தெரிந்துகொண்டார்.

ஒரு கோடை மத்தியானம் காற்று திரும்பி, நாங்கள் மூன்று பேர் நெருப்புக்கு நடுவே பள்ளத்தில் மாட்டிக்கொண்டோம். செட்டில் சார்ஜ் இறங்கிவிட்டது. அக்கா பேசுவது எனக்குக் கேட்டது. என் குரல் அங்கே போகவில்லை. அந்த நேரம் பார்த்து ஓர் அதிகாரி, எத்தனை ஏக்கர் எரிந்தது, ரிப்போர்ட் எங்கே என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருவர் பேசினால் மற்றவர் பேச முடியாத சேனல் அது. அக்காவுக்குக் கோபம் வந்தால் தமிழ்தான் வரும்.

“சார், நீங்க பேசிக்கினே இருந்தா பள்ளத்துல இருக்கிறவங்க பேச்சு எனக்குக் கேக்காது. வாயை மூடுங்க!”

சேனல் அடங்கியது.

“குமாரு, உன் குரல் வரல, கரகரன்னு சத்தம் மட்டும் வருது. பட்டனை அழுத்து. ஆமான்னா ஒருவாட்டி, இல்லன்னா ரெண்டுவாட்டி. ஓடைகிட்ட கீறியா?”

இரண்டு முறை அழுத்தினேன்.

“மொட்டைப் பாறைக்குக் கீழயா?”

ஒரு முறை.

“இடது பக்கமா ஏறு. அங்க காலையிலயே எரிஞ்சு முடிஞ்சுது, மறுபடி புடிக்காது.”

ஏறினோம். மூவரும் பிழைத்தோம்.

அக்காவுக்கு மெமோ கிடைத்தது. மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். “மறுபடியும் தேவைப்பட்டால் மறுபடியும் சொல்வேன்” என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தார். பதவி உயர்வு வரவேயில்லை. நான் வருத்தப்பட்டபோது, “மூணு பேரும் வூட்டுக்குப் போய்ச் சேந்தீங்க இல்ல? போடா” என்றார்.

அடக்கத்தன்று மாலை போட வந்த ஒருவர், அக்காவைப் ‘பணிவான ஊழியர்’ என்று புகழ்ந்தார். அக்கா பணியவில்லை ஐயா! பணிந்திருந்தால் நான் இல்லை.

மரியாதைக்காக செட்டுகளை அணைக்கச் சொன்னார்கள். எங்களில் ஒருவரும் அணைக்கவில்லை. போதகர் ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே மலையில் புகை தெரிவதாகக் குரல் வந்தது. அவர் பாதியில் நிறுத்தினார். கல்லறைத் தோட்டமே மூச்சுக் காட்டாமல் நிற்க, “சொல்லு, கேக்குது” என்றேன்.

ஆளுக்கொரு பிடி மண் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினோம். ஜெபம் முடியும்வரை நிற்காததற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன், அக்கா. போய் வாருங்கள்.