பித்தளைப் படிக்கத்தில் ஈரம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. அந்த எச்சிலைத் தொட்டது இந்தக் கைதான். இன்றும் இந்தக் கையால் சாப்பிட எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

1871 பிப்ரவரி. இந்தியானாவில் எங்கள் சின்ன ஊர். வக்கீல் லைசாண்டர் புரூயிட் செத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. இரண்டு முறை சட்டசபைக்குப் போனவர். அவரிடம் ஒன்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தேன். ஓயாமல் புகையிலை மெல்லுவார், பேசப் பேசத் துப்புவார். அவர் துப்பும் பித்தளைப் பாத்திரத்தை, அந்தப் படிக்கத்தை, கழுவுவது என் வேலை. சீ, அதுவும் ஒரு பிழைப்பு.

வக்கீல் இறந்தால் கோர்ட்டில் புகழுரை வாசித்துப் பதிவேட்டில் ஏற்றுவது எங்கள் வழக்கம். எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மறுநாள் அதை வாசித்து முடித்ததும் கெசாயா ஸ்ட்ரௌடின் வழக்கு. செத்துப்போன புருஷன் அவளுக்கு உயில் எழுதிவைத்த பண்ணையைக் கொழுந்தன் கேட்கிறான். உயிலை வாங்கி வைத்திருந்த புரூயிட், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதித்துவிட்டுச் செத்தார். இருந்தது. சாட்சிக் கையெழுத்தே என்னுடையதுதான்.

மதியம் கெசாயா வந்தாள்.

"நீயும்தானே கையெழுத்துப் போட்ட, ஜேபஸ்? நாளைக்கு நானும் புள்ளைங்களும் எங்க போறது?"

ஞாபகமில்லை என்றேன். என்னை நினைத்தால் எனக்கே குமட்டுகிறது.

மாலை மணி 4.10. தனியாக உட்கார்ந்து, 'நேர்மையானவர்' என்று எழுதினேன்.

டங்...

படிக்கத்தில் யாரோ துப்பிய சத்தம். எட்டிப் பார்த்தேன். நான் கழுவித் துடைத்தபடியே காய்ந்திருந்தது.

4.14. 'ஏழைகளின் காவலர்.'

டங்...

புகையிலை நாற்றம். மூக்கைப் பொத்தினேன்.

4.20. 'விதவைகளுக்கு...'

காதருகே யாரோ காறினார்கள்.

டங்.

படிக்கத்தில் பழுப்பு உருண்டை. வழவழப்பு. இளஞ்சூடு.

எடுத்தேன். பிரித்தேன்.

மென்ற தாள். அடியில் என் கையெழுத்து.

மறுநாள் நான் புகழுரை வாசிக்கவில்லை. அந்தத் தாளை நீட்டி, உண்மையைச் சொன்னேன். பண்ணை கெசாயாவிடமே நின்றது. செத்தவர் மனம் திருந்தினாரா, என் பொய்யைப் பொறுக்காமல் துப்பினாரா, தெரியவில்லை.

கோர்ட் வாசலில் சவப்பெட்டிக்காரர் ஓபதாயா என் கையைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது.

"நேத்து காலைல புரூயிட்டோட வாய் தொறந்துக்காம இருக்க நான்தான் தைச்சேன், ஜேபஸ். நாலரைக்குப் பாக்குறேன், மோவாயெல்லாம் புகையிலைச் சாறு. தையல் பிஞ்சிருந்துச்சு... உள்ளேருந்து."