வாறன் என்று சொல்லி விலகியவர்

எங்கள் தொழிற்சாலை மேற்பார்வையாளரான போமன் தன்னுடைய பந்தாட்டக் குழுவின் மனேஜர் பதவியை விட்டு விலகியது, ஓகஸ்ட் நீண்ட விடுமுறைக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை. விடுமுறைக்கு முந்திய ஞாயிறு என்று நெட்டையர் இன்றைக்கும் வாதாடுவார். அவர் மைதானத்தில் ஓடியவர், நான் புல்லில் இருந்து பார்த்தவன். ஆனால் தமிழ்க் கடையில் தந்த கலண்டரில் கட்டம் கட்டமாக எழுதி வைக்கிறவன் நான். அதனால் என் கணக்கே நிற்கட்டும். ஆண்டு தொண்ணூறுகளின் நடுப்பகுதி.

ஸ்காபரோவில் யன்னல் சட்டம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அப்போது வேலை செய்தோம். நாங்கள் குடியிருந்த மல்வேர்னில் இருந்து ஒரே பஸ்ஸில் ஏறிப் போகிற தமிழர்கள் பத்துப் பேர் வரையில் இருப்போம். நெட்டையர் எங்களில் உயரமானவர். அவருக்கு முப்பது தாண்டியிருந்தது, இரண்டு பெண் குழந்தைகள். போமன் ஐரிஷ்காரர், நல்ல மனிதர். நெட்டையர் முதல் நாள் வேலை முடிந்து போகும்போது அவரைப் பார்த்து மரியாதையாக "ஐ ஆம் கமிங்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வருகிறேன் என்றவன் வருவான்தானே என்று போமன் கதவைப் பூட்டாமல் திறப்புக்கோர்வையைப் பிடித்தபடி வாசலில் காத்து நின்றிருக்கிறார். மறுநாள் நாங்கள் விளக்கம் சொன்னோம். எங்களில் ஒருவரும் போகிறேன் என்று சொல்லிப் போவதில்லை. போகும்போது "வாறன்" என்பதுதான் முறை. போமனுக்கு அது பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் காரில் ஏறமுதல் எங்களைப் பார்த்து "வாறன்" என்பார். உச்சரிப்பில் குறை சொல்ல முடியாது.

அவருடைய நாட்டில் கெயிலிக் காற்பந்து என்று ஒன்று இருக்கிறது. முதல் தரம் பார்த்தபோது, காற்பந்து தெரியாதவர்கள் சண்டை பிடிக்கிறார்கள் என்றே நினைத்தேன். பிறகு நூலகத்தில் விளையாட்டுக் கலைக்களஞ்சியம் ஒன்றை எடுத்து வாசித்துத் தெளிந்தேன். பந்தைக் கையால் பிடிக்கலாம், கொஞ்சத் தூரம் கொண்டு ஓடலாம், உதைக்கலாம். கையால் மற்றவருக்குக் கொடுப்பதென்றால் எறியக் கூடாது, குத்தித்தான் அனுப்பவேண்டும். கோல் குறுக்குக் கம்பத்துக்கு மேலால் போனால் ஒரு புள்ளி, கீழால் வலைக்குள் போனால் மூன்று.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தொழிற்சாலையின் பின்பக்கம் கயிறு கட்டிக் கரப்பந்து அடிப்பது எங்கள் வழக்கம். அங்கே நெட்டையர் எழும்பிப் பந்தைக் குத்துவதை ஒருநாள் போமன் கண்டுவிட்டார். அடுத்த ஞாயிறே அவரைத் தன் குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஊரில் பத்தொன்பது வயதில், மாவட்டக் கரப்பந்துக் குழுவுக்குத் தெரிவான கிழமையில், நாட்டில் சண்டை தொடங்கி விளையாட்டை விட்டவர் நெட்டையர். அதற்குப் பிறகு இப்போதுதான் முதுகில் இலக்கம் போட்ட சட்டை ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதை அவருடைய மனைவி துவைத்து, பல்கனியில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரிக் காயப்போடுவார்.

குழுவில் எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. உதவி மனேஜர் சிவந்த முகத்துக்காரர். இது கரப்பந்து இல்லை, காலால் உதைக்கத் தெரியாதவனுக்கு இங்கே இடமில்லை என்று வெளிப்படையாகவே சொல்லுவார். போமன் இருக்கும்வரை நெட்டையருக்குச் சட்டை இருந்தது. போமன் போனால் அடுத்தவர் இவர்தான். அது எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஞாயிறு ஒரு புள்ளியால் தோற்றோம். போமன் எல்லோரையும் தன் காரின் பின்பக்கம் கூப்பிட்டார். அஜக்ஸில் வீடு வாங்கியிருக்கிறார், மைதானம் நகரத்தின் மற்ற அந்தத்தில், இனித் தன்னால் ஏலாது, மிச்ச ஆட்டங்களை வேறு யாரும் பார்க்கட்டும். அவ்வளவுதான் சொன்னார். ஒவ்வொருவராகக் கை கொடுத்துக்கொண்டு வந்தவர், நெட்டையரிடம் வந்ததும் பழக்கத்தில் "வாறன்" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார்.

உங்கள் மொழியில் அவர் என்ன சொன்னார் என்று விளையாட்டுக்காரர்கள் நெட்டையரைச் சுற்றி நின்று கேட்டார்கள். தன் சட்டை போன கவலையில் நின்ற நெட்டையர், சொல்லுக்குச் சொல்லாக மொழிபெயர்த்தார்.

"ஐ ஆம் கமிங்."

நானும் பக்கத்தில்தான் நின்றேன். அதில் பிழை இருப்பதாக எனக்கும் படவில்லை.

போமன் வீடு மாறுவதற்காக இரண்டு கிழமை லீவு எடுத்திருந்தார். புது வீட்டுக்கு ரெலிபோன் இன்னும் வரவில்லை. ஆகவே கேட்டுத் தெளிவதற்கு ஆள் இல்லை, கதைக்க நேரம் நிறைய இருந்தது. எங்கள் சாப்பாட்டு அறையில் ஒருவர், ரெக்ஸ்டேல் பக்கத்துக் குழு ஒன்று அவரை இழுத்துவிட்டது என்றார். அஜக்ஸில் இருந்து ரெக்ஸ்டேலுக்கு ஆர் ஓடுறது, உமக்கு 401 றோட்டு நெரிசல் தெரியாதோ என்று இன்னொருவர் மடக்கினார். மூன்றாமவர், மனைவிதான் மறித்திருப்பா என்றார். அவருக்கு எந்தச் செய்தியிலும் மனைவிதான் காரணம்.

ஐரிஷ்காரர்கள் பக்கத்துக் கதை இதைவிடத் திறம். எங்களுக்குப் பாரம் ஏற்ற வருகிற லொறிச் சாரதியும் அந்தக் குழுவில் விளையாடுகிறவர். புதன்கிழமை அவர் வந்து நெட்டையரின் தோளில் தட்டி, நல்ல செய்தி சொன்னாய் என்றார். போமன் விலகவே இல்லையாம். நிர்வாகக் குழுவை வெருட்டிப் பார்க்கிறாராம். அவர்களுக்கு விளங்கக் கூடாது என்றுதான் உண்மையைத் தமிழில் சொல்லிவிட்டுப் போனாராம். நிர்வாகக் குழுவும் கூடி, அவர் வரும்வரைக்கும் புது மனேஜரைப் போடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டது. சிவந்த முகத்துக்காரர் கோபத்தில் குதித்துக்கொண்டு திரிகிறாராம்.

பஸ்ஸில் நெட்டையர் என் பக்கத்தில் இருந்தார். மல்வேர்ன் கிட்டவாக வந்துவிட்டது. அப்போதுதான் கேட்டார்.

"அண்ணை, நான் சொன்னது பொய்யோ?"

"சொல் சரி. கருத்துத்தான் வேறை."

"திருத்திச் சொன்னால் உவன் சிவத்த முகத்தான் வந்திடுவான். என்ரை சட்டை போயிடும்."

"சொல்லாட்டில்?"

"சொல்லாட்டில் அந்த மனுசன் பொய் சொன்னவராய்ப் போவார்."

இறங்கும்போது, ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுகிறேன் என்றார். அந்தக் கிழமை அவர் கரப்பந்துக்கு வரவில்லை.

ஞாயிறு காலை மைதானத்துக்குப் போனோம். நெட்டையர் சட்டையைப் போடாமல், துவைத்து மடித்துப் பையில் கொண்டு வந்திருந்தார். எல்லோரையும் கூப்பிட்டு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்த நேரம், போமனின் கார் வந்து நின்றது. நிர்வாகக் குழுவில் ஒருவர் முதல்நாள் அஜக்ஸுக்கே போய், எப்போது திரும்பி வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். தான் வருவதாகத் தனக்கே தெரியாமல் யார் சொன்னது என்று விசாரிக்கத்தான் போமன் வந்திருந்தார். கையிலும் காற்சட்டையிலும் வெள்ளைப் பெயின்ற். மனைவி காருக்குள் இருந்தபடி கண்ணாடியை இறக்கி, பந்தாட்ட நினைப்பில் ஒரே சுவரை இரண்டு தரம் அடித்துவிட்டார், இவரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

எல்லோரும் நெட்டையரைப் பார்த்தார்கள். நெட்டையர் மறைக்கவில்லை. எங்கள் ஆட்கள் போகும்போது வருகிறேன் என்றுதான் சொல்லுவோம், அதை அப்படியே மொழிபெயர்த்தது என் பிழை, அவர் போனது போனதுதான் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். சிவந்த முகத்துக்காரர் போமனிடம் இருந்த மனேஜர் விசிலுக்குக் கை நீட்டினார்.

போமன் விசிலைக் கொடுக்கவில்லை. நெட்டையரிடம் கேட்டார்.

"அப்ப உங்கடை ஆக்கள் உண்மையிலேயே விட்டிட்டுப் போறதெண்டால் என்ன சொல்லுவியள்?"

நெட்டையர் திரும்பி என்னைப் பார்த்தார். இவ்வளவு வாசித்தும் எனக்கும் ஒரு சொல் அகப்படவில்லை.

"ஒண்டும் சொல்லமாட்டம்," என்றார் நெட்டையர். "வராமல் விடுவம்."

போமன் தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார், புல்லைப் பார்த்தார், காரைப் பார்த்தார். கார்க் கண்ணாடி ஏற்கெனவே ஏறிவிட்டிருந்தது.

"நான் வந்திட்டனே," என்றார். பிறகு பையைக் காட்டி, அந்தச் சட்டையை எடுத்துப் போடு என்றார்.

அவர்கள் பேசியது ஆங்கிலம். என் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன்.

அந்தப் பருவம் எப்படி முடிந்தது என்று கேட்பவர்களுக்கு: அரையிறுதியில் தோற்றோம். நெட்டையர் குத்தி அனுப்பிய பந்தில் ஒரு கோல் விழுந்தது. அதைச் சிவந்த முகத்துக்காரரும் கை தட்டிப் பார்த்தார். ஆட்டம் முடிந்து காரில் ஏறமுதல், மனேஜராகவே நின்றுவிட்ட போமன் எல்லோரையும் பார்த்து "வாறன்" என்றார். அதை மொழிபெயர்க்கச் சொல்லி ஒருத்தரும் கேட்கவில்லை.