ஃபிரிட்ஜ் பொருத்தம்

கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் நான் தூங்கிவிடுவேன். கிடைக்காவிட்டாலும் தூங்கிவிடுவேன், என்ன, தலை பக்கத்து சீட்காரியின் தோளில் போய் விழும். அப்படி என் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தவள்தான் என்னை இந்த வம்பில் இழுத்துவிட்டவள். ஃபேக்டரியில் எங்கள் லைனில் புதிதாகச் சேர்ந்த பெண், திருவண்ணாமலைப் பக்கம். வாயைத் திறந்தால் மூடமாட்டாள். ஒரு நாள் காலை ஓசூர் மத்திகிரி ஸ்டாப்பில் நான் ஏறி உட்கார்ந்ததும் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"அக்கா, இத பாருங்க. இதுல ஜாதகம் கேக்க மாட்டாங்க, சாதி கேக்க மாட்டாங்க. ஃபிரிட்ஜ் மட்டுந்தான் கேப்பாங்க."

"யாரு, பழைய சாமான்காரனா?"

"ஐயோ அக்கா! ஜோடி சேக்கற சைட்டுக்கா இது."

அவள் சொன்னது இதுதான். வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே இருப்பதைப் படம் பிடித்துப் போடவேண்டும். ஒரே ஊறுகாய், ஒரே வெண்ணெய், ஒரே ஜூஸ் வாங்குகிறவர்களுக்கு மனசும் ஒத்துப்போகும் என்பது அவர்கள் கணக்கு. அவளே இதற்கு முன் காபிப் பிரியர்களுக்கான சைட் ஒன்றில் இருந்து பார்த்திருக்கிறாள். அங்கே வந்தவன் ஒவ்வொருவனும் கொட்டையை வறுப்பது எப்படி என்று பேசியே கொன்றுவிட்டானாம். ஷூ பிரியர்களுக்கு ஒன்று, பைக் பிரியர்களுக்கு ஒன்று என்று விதவிதமாக இருக்கிறதாம். "உங்களுக்கு இதான் சரிக்கா. உங்க வீட்டு ஃபிரிட்ஜ் எப்பவும் ஃபுல்லா இருக்கும்" என்றாள்.

எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. எட்டுப் பொருத்தம் அமோகம் என்று ஜோசியர் சொல்லிக் கட்டிவைத்த கல்யாணம் இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை. ஜோசியரால் முடியாதது ஃபிரிட்ஜால் முடியுமா என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சிரித்தேன். ஆனால் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு துணை வேண்டியிருந்தது. இதைச் சொல்ல வெட்கமெல்லாம் எப்போதோ போய்விட்டது. நாள் முடிந்து வீட்டுக்கு வந்தால், இன்றைக்கு இடுப்பு எப்படி வலித்தது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

வீட்டில் அப்பா இருந்தார். அவரிடம் இடுப்பு வலியைச் சொல்ல முடியாது. அவரைக் கட்டிலிலிருந்து தூக்கித் தூக்கித்தான் அந்த வலியே வந்தது. பக்கவாதத்தில் வலது கையும் காலும் போய், சர்க்கரைக்கு வேளாவேளைக்கு ஊசி போட்டுக்கொண்டு, முன்ரூமில் படுத்திருந்தார். பெங்களூரில் இருக்கும் என் தம்பி தினமும் காலையில் ரோஜாப்பூ போட்ட குட்மார்னிங் அனுப்புவான். அதோடு அவன் கடமை முடிந்தது.

அன்று ஷிப்ட் முடிந்து வந்து ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். கதவுப் பக்கம் அப்பாவின் இன்சுலின் டப்பா. அதன் கீழே புண்ணுக்குப் போடும் களிம்பு. மேல் தட்டில் பாக்கெட் மாவு, கஞ்சி வைத்த தூக்கு, சர்க்கரை போடாத பிஸ்கட், பாதி எலுமிச்சம்பழம். மருந்தையெல்லாம் ஒதுக்கி வைக்கலாமா, ஒரு சாக்லேட்டாவது வாங்கி வைக்கலாமா என்று தோன்றியது. சீ, யாருக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது? அப்படியே படம் பிடித்தேன்.

முன்ரூமிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "ஏம் பாப்பா, எதுக்கு ஃபிரிட்ஜ போட்டோ புடிக்கற?"

"கூலிங் சரியில்லப்பா. மெக்கானிக்குக் காட்டணும்."

படம் போட்டதும் அந்த சைட் இன்னொன்று கேட்டது. இதில் உங்களுக்கே உங்களுக்கென்று பிடித்த பொருளைச் சுற்றி வட்டம் போடுங்கள் என்றது. பார்த்தேன். மேல் தட்டு, கீழ்த் தட்டு, கதவு எல்லாம் பார்த்தேன். பிஸ்கட் அப்பாவுக்கு. கஞ்சி அப்பாவுக்கு. மாவுகூட, அவருக்கு மெத்தென்று இட்லி வேண்டும் என்பதற்காக வாங்கியது. எனக்கென்று ஒன்றும் இல்லை. கடைசியில் மூலையில் இருந்த தண்ணீர் பாட்டிலைச் சுற்றி வட்டம் போட்டேன். பொய் இல்லை. நான் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே உலை. வீட்டுக்கு வந்ததும் நின்ற வாக்கில் அந்தப் பாட்டிலில் பாதியைக் குடிப்பேன். ஒரு நாளில் எனக்காக நான் செய்துகொள்வது அது ஒன்றுதான்.

மற்றவர்கள் ஃபிரிட்ஜை எல்லாம் பார்த்தேன். பெங்களூர் ஐ.டி. ஆட்கள், சீஸ் என்ன, பெயர் தெரியாத பழங்கள் என்ன, கடை ஷோகேஸ் மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். என் படத்துக்குக் கீழே ஒருவன், "இது ஃபிரிட்ஜா, மெடிக்கல் ஷாப்பா?" என்று கேட்டிருந்தான். போடா என்று எழுதிவிட்டு மூடிவைத்தேன். கொஞ்ச நாளில் அந்தச் சைட்டையே மறந்தும்விட்டேன்.

அப்புறம்தான் அவர் வந்தார். 'மிக நெருங்கிய பொருத்தம்' என்று மணி அடித்துச் சொன்னது போன். திறந்தால் என் வீட்டு ஃபிரிட்ஜை நானே பார்த்த மாதிரி இருந்தது. அதே இன்சுலின் டப்பா, அதே களிம்பு, அதே பிஸ்கட். அதெல்லாம்கூடப் பெரிசில்லை. அவரும் தண்ணீர் பாட்டிலைத்தான் வட்டம் போட்டிருந்தார்.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் பாய்லர் ஆபரேட்டர். வீட்டில் பேசுவது தெலுங்கு. தங்கைகளைக் கட்டிக்கொடுத்து முடிப்பதற்குள் அம்மா படுத்துவிட்டார். அதோடு அவர் கல்யாணம் நின்றது. நாங்கள் என்ன பேசினோம் என்று பஸ்ஸில் என் தலையைத் தாங்கும் அந்த பஸ்காரி நச்சரிப்பாள். சொன்னால் தலையில் அடித்துக்கொள்வாள். படுக்கைப் புண்ணுக்கு எந்த மெத்தை நல்லது, ஊசி போட்ட இடம் கன்றிப்போனால் என்ன செய்வது, இதைத்தான் பேசினோம். ஆனால் வேறு யாரோடும் இப்படிப் பேச முடிந்ததில்லை. மற்றவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தாலே முகத்தைச் சுளிப்பார்கள், இல்லையென்றால் 'நீங்க தெய்வங்க' என்று சொல்லிவிட்டு நழுவுவார்கள். இவர் மேலே மேலே கேட்டார். என் இடுப்பு வலியையும் ஒரு நாள் சொன்னேன். "பெல்ட் போடுங்க மேடம்" என்று எழுதினார். அந்த ஒரு வரியை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்காரி குழம்பு கொண்டுவருகிற சாக்கில் வீட்டுக்கு வந்தாள். நான் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு சளசளவென்று பேசிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது, "நேர்ல பாத்துடுங்கக்கா. எத்தன நாளைக்கு மருந்து பேரயே எழுதிக்கினு இருப்பீங்க?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் குந்தாரப்பள்ளியில் பார்ப்பது என்று முடிவானது. அவர் அம்மாவை விட்டுவிட்டு அதிக தூரம் வர முடியாது. நான் மாடி வீட்டு அம்மாவிடம் அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். "ஹோகி பன்னி, நான் நோட்கோத்தீனி" என்று அவர் கன்னடத்தில் போய்வரச் சொல்லி, தான் பார்த்துக்கொள்வதாகத் தைரியம் சொன்னார். பீரோவிலிருந்து மாம்பழ மஞ்சள் புடவையை எடுத்துக் கட்டினேன். அப்பா மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க பாப்பா?"

"மெக்கானிக்கப் பாக்கப்பா."

"ம்" என்றார்.

அன்று அங்கே மாட்டுச் சந்தை. நெடுஞ்சாலை ஓரமெல்லாம் மாடும் வண்டியும். நான் பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடைப் பக்கம் நடக்கும்போது ஒரு காளையின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே யாரும் பிடித்தது பிடிக்காதது பேசவில்லை. எத்தனை பல், உழுமா, வண்டி இழுக்குமா என்று நேராகக் கேட்டார்கள்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நல்ல உரமான கை. பெஞ்சில் உட்கார்ந்தோம். டீக்கடைக்காரர் கேட்டதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "சக்கர இல்லாம" என்றோம்.

"உங்களுக்கும் சுகருங்களா?" என்றார் அவர்.

"இல்லீங்க. வீட்ல எல்லாருக்கும் சேத்து ஒரே டீயா போட்டு அப்படியே பழகிடுச்சு."

"எனக்கும் அதே கததாங்க!"

இருவரும் சிரித்தோம். அவர் சிரித்தபோது வயசு குறைந்த மாதிரி இருந்தது. "இன்னிக்கு சக்கர போடச் சொல்லுவோம்" என்றேன். சர்க்கரை போட்டே குடித்தோம். ஐயோ, அந்த டீ எவ்வளவு நன்றாக இருந்தது. அந்தத் தெம்பில் நான் வாயை விட்டேன்.

"நீங்களும் தண்ணி பாட்டிலத்தான் வட்டம் போட்டிருந்தீங்க. பாய்லர் கிட்ட நின்னுட்டு வந்தா அப்படித்தான் இருக்கும், இல்லீங்களா?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓ, அதுவா? ஏதாச்சும் ஒண்ணு போட்டாத்தான் உள்ள விடுதுன்னு வெரலு பட்ட எடத்துல போட்டனுங்க" என்றார். "எனக்கு ஜில்லு தண்ணி ஆவாதுங்க. சளி புடிச்சிக்கும்."

சரி, போகட்டும் என்று டீயைக் குடித்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு கேக்கலாங்களா? உங்க அப்பாவ உங்க தம்பி வெச்சிக்குவாருங்களா?"

"ஏன் கேக்கறீங்க?"

"இல்லீங்க, அம்மாவ வெச்சிக்கினு நான் ஒண்டியா முடியல. பெரிய தொந்தரவு ஒண்ணியும் இல்லீங்க. டயத்துக்கு ஊசி, டயத்துக்குத் துணி மாத்தணும். உங்களுக்கு எல்லாம் பழக்கந்தான? புதுசா ஒருத்தங்க வந்தா பயந்துடுவாங்க. உங்க ஃபிரிட்ஜப் பாத்ததுமே எனக்கு நிம்மதியா இருந்துச்சுங்க."

எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. "வேலைக்கு ஆள் எடுக்கறீங்களா சார்? எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட் கொண்டாரணுமா?" என்றேன். பக்கத்து பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. நா ஒழுங்கா தூங்கி ரொம்ப நாளாச்சுங்க."

அதைக் கேட்டதும் என் கோபம் பொசுக்கென்று அடங்கிவிட்டது. அந்தக் கண்ணை எனக்குத் தெரியும், தினமும் கண்ணாடியில் பார்க்கிற கண். அதோடு இன்னொன்றும் தெரிந்தது. ஃபேக்டரியில் என் வேலை, ஒவ்வொரு பார்ட்டின் துளையிலும் கேஜ் என்கிற அளவுக் கம்பியை விட்டுப் பார்ப்பது. போனால் ஓகே, போகாவிட்டால் ரிஜெக்ட். அவர் ஹெல்மெட்டைக் கழற்றிய நிமிஷத்திலிருந்து நானும் கேஜை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கை அப்பாவைக் கட்டிலிலிருந்து அலுங்காமல் தூக்கும் என்று கணக்குப் போட்டேன். என் இடுப்புக்கு விடுதலை என்றுகூட நினைத்தேன். அவர் வாய்விட்டுக் கேட்டார், நான் கேட்கவில்லை. வேறு வித்தியாசம் ஒன்றும் இல்லை.

அதனால் நானும் கேட்டேன். "எங்கப்பாவையும் கூட்டிக்கினு வந்தா?"

அவர் உடனே முடியாது என்று சொல்லவில்லை. உண்மையாகவே யோசித்தார். சாலையைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "வீடு சின்னதுங்க. ரெண்டு கட்டிலு... ரெண்டு பேருன்னா..."

"ரெண்டு பேருன்னா கஷ்டந்தாங்க" என்றேன்.

அவர் போன் அடித்தது. "ஒஸ்துன்னானம்மா, ஒஸ்துன்னா" என்று தெலுங்கில் அம்மாவிடம் இதோ வருவதாகச் சொல்லிக்கொண்டே எழுந்தார். ஹெல்மெட்டை மாட்டியவர் மறுபடி கழற்றினார். கட்டிலுக்குப் போடும் ரப்பர் ஷீட் ஓசூரில் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று கேட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற கடையைச் சொன்னேன். கட்டம் போட்டது வேண்டாம், அது சீக்கிரம் கிழிந்துவிடும் என்றும் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார்.

வீடு வந்தபோது மாடி வீட்டு அம்மா அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்து முடித்திருந்தார். அந்த அம்மா மாடிக்குப் போனதும் நான் புடவையைக்கூட மாற்றாமல் அடுப்படிக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். முன்ரூமிலிருந்து அப்பா கேட்டார்.

"மெக்கானிக் என்ன சொன்னான் பாப்பா?"

"ஒண்ணியும் இல்லப்பா. நல்லாத்தான் ஓடுதாம்."

நின்ற வாக்கில் பாதிப் பாட்டிலைக் குடித்தேன். அப்புறம் அந்தக் கோணிய வாயால் மெதுவாகச் சொன்னார்.

"என் ஊசி டப்பாவ எடுத்து வெளிய வெச்சிட்டு போட்டோ புடிச்சிருக்கலாமில்ல?"

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்காரி எல்லாவற்றையும் அவரிடம் கொட்டியிருக்கிறாள். ஃபிரிட்ஜ் கதவு திறந்தபடியே இருந்தது, கால் வரைக்கும் ஜில்லென்று இருந்தது. ஊசிக்கும் நேரமாகிவிட்டது. கதவுப் பக்கமிருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் கட்டிலுக்குப் போனேன்.

"வெளிய வெச்சா கெட்டுப்போயிடும்ப்பா" என்றேன்.